ஏழு தலைமுறைக்கு நாள் எண்ணியவர்கள்

நம்முடைய பிரசங்கங்களில் வேதகலாபம், அதாவது விசுவாசத்துக்காக வரும் துன்புறுத்தல், என்று பேச்செடுத்தாலே நேராக வேதசாட்சிகளிடம் போய்விடுகிறோம். ஓரியூர் அருளானந்தர், காற்றாடிமலை தேவசகாயம். அவர்கள் சிந்திய இரத்தத்துக்கு ஈடு இல்லை, அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் உயிரைக் கொடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வருவதில்லை. ஊரிலேயே இருந்து, வரி கட்டி, பிள்ளை பெற்று, பயந்து, சில நாள் பணிந்து, மறுபடி எழுந்து, விசுவாசத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டுச் செத்துப்போனவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நம்பிக்கை என்றால் மனசுக்குள் பொங்கும் ஒரு உணர்ச்சி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் சொல்ல வருவது ஜப்பான் கிறிஸ்தவர்களைப் பற்றி. அங்கே நம்பிக்கை ஒரு வேலையாக இருந்தது. அந்த வேலைக்குப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள், முறை இருந்தது, நாட்கணக்கு இருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1549 ஆகஸ்ட் 15 அன்று சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். அரை நூற்றாண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் மனந்திரும்பினார்கள். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான கொன்சாலோ கார்சியா மும்பைக்கு வடக்கே இருக்கும் வசையில் பிறந்தவர். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த மண்ணில் ஒரு பூசை கிடையாது, பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஆள் கிடையாது.

அரசு கண்காணித்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த விகாரையில் பெயர் பதிந்தாக வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு குழு. ஒரு வீட்டில் கிறிஸ்தவம் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற நான்கு வீட்டுக்கும் தண்டனை. தெருமுனையில் அறிவிப்புப் பலகை, காட்டிக்கொடுப்பவருக்கு இவ்வளவு வெள்ளி என்று. நாகசாகிப் பகுதியில் ஆண்டுப் பிறப்பு கழிந்ததும் வீடு வீடாக ஃபுமி-ஏ நடக்கும். இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் மிதித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் பாதத்தையும் அதில் படவைப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குத் தகடு படுக்கைக்கே வரும். மிதிபட்டு மிதிபட்டுப் பழைய தகடுகள் தேய்ந்துபோக, 1669இல் புதிதாக 20 பித்தளைத் தகடுகளை வார்த்தார்கள்.

இப்போது உள்ளே இருந்த ஏற்பாட்டுக்கு வருவோம். நாகசாகிக்குப் பக்கத்தில் இருந்த உரகாமி ஊரில் அது மூன்று அடுக்காக இருந்தது. தலையில் சோகாத்தா ஒருவர். திருவழிபாட்டு நாட்கணக்கை வைத்திருப்பவர்; எந்த நாள் ஞாயிறு, எப்போது தவக்காலம், எப்போது உயிர்ப்பு ஞாயிறான பாஸ்கா என்று அவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மிசுகாத்தா. ‘மிசு’ என்றால் தண்ணீர். ஞானஸ்நானம் கொடுப்பது இவர் பொறுப்பு. மூன்றாவது கிகியாகு; சோகாத்தா குறித்த நாளை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பவர், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தியை மேலே கொண்டுபோகிறவர். மூவரும் குடியானவர்கள். யாருக்கும் அங்கி கிடையாது, பட்டமும் கிடையாது.

இதைப் படிக்கும்போது முத்துக்குளித்துறைக்காரர்களுக்குக் கணக்கப்பிள்ளை ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. 1542இல் நம் கடற்கரைக்கு வந்த சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தானும் மனப்பாடம் பண்ணி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஊருக்குப் போகுமுன், செபம் சொல்லிக்கொடுக்கவும் ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். குரு இல்லாத ஊரிலும் திருச்சபை நடக்க வேண்டும் என்ற அதே சிந்தனையைத்தான் அவருடைய சபையார் ஜப்பானிலும் விதைத்தார்கள்.

மூன்று பொறுப்புகளில் கடினமானது நாட்கணக்கு. அது ஏன் கடினம் என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அந்த மனிதர்களின் அருமை புரியும். அப்போது ஜப்பானில் புழங்கியது சந்திரமான மாதம். ஆண்டுக்கு 354 நாள் அளவில்தான் வரும். சூரிய ஆண்டோடு 11 நாள் இடிக்கும். அதைச் சரிக்கட்ட மூன்று ஆண்டுக்கொருமுறை போல ஒரு அதிக மாசம் சேர்ப்பார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவோ சூரியக் கணக்கில் நிலையான நாள். ஆக ஒவ்வொரு ஆண்டும் அது வேறொரு சந்திரத் தேதியில் விழும். பாஸ்காவுக்கு வசந்தகாலச் சமநாளுக்குப் பிறகு வரும் பௌர்ணமி வேண்டும். அது சந்திர மாதத்தில் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு வேண்டுமே! ஜப்பானியரின் அன்றாட வழக்கில் ஏழு நாள் வாரமே கிடையாது. சந்தைக்குப் போகிறவனிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க முடியாது. யாரோ ஒருவர் ஒரு நாள்கூட விடாமல் ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே இருந்தாக வேண்டும். காய்ச்சலில் கிடந்து ஒரு நாளை விட்டுவிட்டால் அந்த ஊரின் ஞாயிறு அன்றோடு திங்களாகிவிடும். திருத்திக்கொடுக்க வெளியே ஆள் இல்லை. நாகசாகிக்குப் பக்கத்துக் கடற்கரையான சோத்தோமே பகுதியினர் இதற்கு ஆதாரமாக வைத்திருந்தது 1634ஆம் ஆண்டின் திருச்சபை நாட்காட்டியைச் சந்திரத் தேதிக்கு மாற்றி எழுதிய ஒரே ஒரு ஏடு. பாஸ்தியன் என்ற உபதேசியார் விட்டுச்சென்றது என்பார்கள். அதைக் கையால் படியெடுத்துப் படியெடுத்துத்தான் காப்பாற்றினார்கள். 1797 முதல் சோத்தோமே மக்கள் கோத்தோ தீவுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கணக்கும் கூடவே கடல் தாண்டியது.

பாஸ்தியன் ஏட்டோடு ஒரு வாக்கையும் விட்டுச்சென்றார். ஏழு தலைமுறை வரை நீங்கள் என் பிள்ளைகள். அதன்பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கறுப்புக் கப்பலில் வருவார்கள், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். எங்கே வேண்டுமானாலும் வாய்விட்டுக் கிறிஸ்தவப் பாட்டுப் பாடலாம். வழியில் எதிர்ப்படும் பிறமதத்தார் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

இந்த வாக்கில் என்னை நிறுத்திவைப்பது ‘ஏழு தலைமுறை’ என்ற சொல். அடுத்த வருஷம் விடிந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் மூன்றாவது வருஷத்தில் பாதிப்பேர் கைகழுவியிருப்பார்கள். என்றோ ஒருநாள் என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நாளை எண்ணியிருக்க மாட்டார்கள். ஏழு தலைமுறை என்றால் கேட்கிற எனக்கு விடுதலை கிடையாது, என் பேரனுக்கும் கிடையாது, ஆனாலும் எண்ணிக்கை முடியும். எனக்குக் கிடைக்காத ஒன்றுக்காக நான் ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு அவர்கள் தங்கள் வாழ்க்கையால் பதில் சொன்னார்கள். கேட்ட வரங்களும் எவ்வளவு எளிமையானவை பாருங்கள். ஆட்சி வேண்டாம், பழிவாங்கல் வேண்டாம். பாவசங்கீர்த்தனமும் வாய்விட்டுப் பாடப் பாட்டும் போதும்.

1637இல் ஷிமாபாராவில் வேறொரு வழியை முயன்றார்கள். கொடிய வரியும் பஞ்சமும் வேதகலாபமும் சேர்ந்து நெருக்க, இளைஞன் அமாகுசா ஷிரோவின் தலைமையில் ஹாரா கோட்டைக்குள் புகுந்து போரிட்டார்கள். கோட்டை 1638இல் விழுந்தது. மடிந்தவர்கள் ஏறக்குறைய 37,000 பேர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட கொடுமையை அறியாமல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 1865இல் குருக்களைத் தேடி வந்தது கோட்டைக்குள் போனவர்களின் பிள்ளைகள் அல்ல.

வருஷந்தோறும் தகட்டை மிதித்தார்களே, அது மறுதலிப்பு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அது பாவம் என்று அவர்களுக்கே தெரியும். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கொஞ்சிரிசான் சொன்னார்கள். போர்த்துகீசியச் சொல் ஜப்பானிய வாயில் அப்படி மாறியிருக்கிறது; நம் பழைய செபப் புத்தகங்களில் உள்ள உத்தம மனஸ்தாபம்தான் அது. 1603இல் இதற்கென்றே ஒரு சிறு நூல் வந்திருந்தது. பிறகு கையெழுத்துப் படிகளாக வீடுகளில் ஒளிந்து வாழ்ந்தது. அது போதித்தது திருச்சபையின் பழைய போதனைதான். நரகத்துக்குப் பயந்து வருந்தினால் அது அரைகுறை. அன்பே உருவான கடவுளை நோகடித்துவிட்டோமே என்று வருந்த வேண்டும். இனிச் செய்யமாட்டேன் என்று தீர்மானிக்க வேண்டும். குரு கிடைக்கும் நாளில் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி எடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் குரு இல்லாமலே மன்னிப்பு உண்டு.

அந்த மூன்றாவது உறுதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் மனஸ்தாபப்படும்போது, குரு ஒருநாள் வருவார் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். விழுந்தவனை எழுப்புகிற செபத்துக்குள்ளேயே எதிர்காலம் இருந்தது. விழுந்தவனுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தால் முதல் ஃபுமி-ஏயோடு எல்லாம் முடிந்திருக்கும்.

எங்கெங்கே உடைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் எதிரி நாக்கு. 1657இல் ஓமுரா பகுதியில், அற்புதங்கள் செய்யும் சிறுவன் ஒருவன் எங்களிடம் இருக்கிறான் என்று ஒருவர் நண்பரிடம் பெருமை பேசினார். பேச்சு அதிகாரிகள் காதுக்குப் போனது. 600 பேருக்கு மேல் பிடிபட்டார்கள், 400 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது எதிரி அர்த்தம் தெரியாத மனப்பாடம். செபங்கள் பாதி இலத்தீன், பாதி போர்த்துகீசியம். காலப்போக்கில் ஓசை மட்டும் மிஞ்சியது. சோத்தோமே, கோத்தோ பகுதிகளில் வாய்மொழியாக வந்து பின்னர் ஏட்டில் ஏறிய வேதக் கதையில் போஞ்சு பிலாத்து இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டான்: பொன்ஷா ஒருவன், பிரோத்தோ இன்னொருவன். ஞானஸ்நான வார்த்தைகளும் சில இடங்களில் சிதைந்திருந்ததால், பின்னால் வந்த குருக்கள் ‘ஏற்கெனவே பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

இனி அந்த நாள். மேலைநாடுகளோடு செய்த ஒப்பந்தப்படி அயல்நாட்டவர் மட்டும் வழிபட, நாகசாகியில் ஓவுரா கோவில் 1865 பிப்ரவரி 19 அன்று திறக்கப்பட்டது. ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருந்தது. பங்கில் இருந்தவர் பெத்திஜான் சாமியார். புதுச்சேரியில் உழைத்த பாரிஸ் வேதபோதக சபையையே சேர்ந்தவர். மார்ச் 17, வெள்ளிக்கிழமை, நடுப்பகலில் உரகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வந்து, செபித்துக்கொண்டிருந்த அவரை ஒரு பெண் நெருங்கி, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றே என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த கேள்வி: சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே? சுரூபத்தின் முன் நின்று பேசும்போது அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் என்னை உலுக்குகிறது: இப்போது துக்க காலம், இன்று பதினேழாம் நாள். தவக்காலத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள். பதினேழாம் நாளேதான்! உரகாமியின் ஏழாவது, கடைசி சோகாத்தா ஒன்பது ஆண்டுக்கு முன்புதான் கைதாகிச் சிறையில் இறந்திருந்தார். ஆள் போனார், கணக்கு போகவில்லை.

பிறகும் அவர்களை வேதகலாபம் விடவில்லை. விகாரைப் பிக்கு இல்லாமல் அடக்கம் செய்யத் துணிந்ததால் 1867 ஜூலையில் 68 பேரைப் பிடித்தார்கள். சித்திரவதைக்குப் பணியாமல் கடைசிவரை நின்றவர் தகாகி சென்எமோன். பணிந்தவர்கள் வீடு திரும்பினார்கள், மனசு கேட்கவில்லை, போய்த் தங்கள் மறுதலிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்களையும் வேதசாட்சிகளின் வரிசைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவேன் நான். 1868 முதல் 1870க்குள் ஊரையே காலிசெய்து 3,000 பேருக்கு மேல் நாட்டின் வேறு பகுதிகளுக்குக் கடத்தினார்கள். த்சுவானோவில் மூன்றடிக்கு மூன்றடிக் கூண்டில் அடைத்தார்கள், சென்எமோனைப் பனி உறைந்த குளத்தில் இறக்கினார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. மேலைநாடுகளின் கண்டனத்துக்குப் பிறகு 1873 பிப்ரவரி 24 அன்று தடைப் பலகைகளைக் கழற்றினார்கள். இனி சுதந்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழற்றினார்கள், அவ்வளவுதான். ஊர் திரும்பியவர்கள் 1880இல் ஒரு மனை வாங்கினார்கள், கோவில் கட்ட. வருஷந்தோறும் ஃபுமி-ஏ நடந்த ஊர்த்தலைவர் வீட்டு மனை அது.

நம் பங்குகளுக்கு என்னிடம் மூன்று வேண்டுகோள் உண்டு. முதலாவது, ஆபத்து ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும், ஊற்றுகிறவரே ‘பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உன்னைக் கழுவுகிறேன்’ என்று அதே நேரத்தில் சொல்ல வேண்டும், திருச்சபை கருதுவதையே தானும் கருத வேண்டும். இதைப் பங்கின் சிறு குழுவான அன்பியத்துக்கு இரண்டு பேராவது பிழையில்லாமல் தெரிந்துவைத்திருக்கட்டும். இரண்டாவது, உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் புதுநன்மைக்கு ஒப்பிக்கும் பாடமாக மட்டும் விடாமல், வார்த்தை வார்த்தையாகப் பொருள் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நம் வீட்டிலும் பிலாத்து இரண்டாகப் பிரிவான். மூன்றாவது, பணிந்துபோய்த் திரும்பி வருகிற குடும்பத்தைக் கோவில் வாசலில் பார்த்தால், எங்கே போயிருந்தாய் என்று கேட்காதீர்கள். இன்று தவக்காலத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போங்கள்.