தடுத்தது புதிரா, நிறமா?
பார்வை போன்றவற்றில் குறைபாடு உள்ளவர்களும் விளையாட உதவும் அணுகல் வசதிகளைக் கூட்டக் கூட்ட வீடியோ கேம்களில் மூளைக்கு வேலை குறைந்துவிடும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத என் தம்பி, ஒரு புதிர் விளையாட்டின் ஒரே கட்டத்தில் பல நாட்கள் சிக்கித் தவித்தான். ஒவ்வொரு நிறத்தின் மேலும் முக்கோணம், வட்டம் போன்ற குறிகளைக் காட்டும் அமைப்பை இயக்கிய பிறகும், அந்தப் புதிரை விடுவிக்க அவனுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அதுவரை அவன் புதிருக்குள்ளேயே நுழையவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. 2018இல் வெளிவந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டு கடினத்துக்குப் பெயர் பெற்றது. அதிலேயே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் உதவி முறை இருக்கிறது, வேண்டாதவர்கள் அதைத் தொடாமலேயே உச்சி வரை ஏறுகிறார்கள்.