தீவனத்தைப் பற்றியும் எழுதுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் தருவது, வறட்சியில் பால் உற்பத்தியாளருக்குக் கைகொடுப்பது என்று தேசிய பால்வள வாரியத்தின் வேலைகளை உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது. பென்னாகரம் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

வறட்சி வந்தால் பால் அளவு குறைவது எல்லாருக்கும் தெரியும். பாலின் தரமும் இறங்குவதுதான் எங்களை உதைக்கிறது. தீவனம் பற்றாத மாட்டுப் பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து, அதாவது தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சும் சத்து, குறையும். விலையோ கொழுப்பையும் அதையும் பார்த்துத்தான். தீவனச் செலவு ஏறுகிற நேரத்திலேயே லிட்டருக்குக் கிடைக்கும் காசு இறங்கும். 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்களே, அந்த வருடம் இதை நன்றாகவே பட்டோம். எங்களைக் கரை சேர்த்தது போராக அடுக்கி வைத்திருந்த ராகித்தாள், அதாவது கேழ்வரகுத் தட்டைதான். வைக்கோலைவிட மாடு விரும்பித் தின்னும்.

சரி, இதற்கு வழி? மழை இருக்கும்போதே மக்காச்சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் வெட்டி, காற்றுப் புகாமல் மிதித்து ஊறுகாய்ப் புல்லாக (சைலேஜ் என்கிற புளித்த பசுந்தீவனம்) வைத்தால் ஒன்றரை மாதத்தில் தயார். இதை ஊர் ஊராகச் செய்துகாட்டினால் போதும். அப்புறம், வாடிய இளஞ்சோளப் பயிரை மேயவிட்டால் அதிலுள்ள நஞ்சு மாட்டையே கொன்றுவிடும் என்பதையும் யாராவது உரக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டில் ஒரு கிடேரி அப்படித்தான் போனது.