ஆய்வில் பங்கெடுக்கும் வைத்தியருக்குக் கொடுப்பது கமிஷனா?

மருந்து ஆய்வில் சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் வைத்தியருக்கு இரகசியக் கமிஷன் போகிறது, மட்டக்களப்புக் கிளினிக்குகளில் கையெழுத்து வாங்குவது அதற்காகத்தான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள், விஷயம் அப்படியில்லை.

பணம் கொடுக்கும் ஆய்வுகள் உண்டு, நோயாளி எண்ணிக்கைப்படி கணக்கிடுவதும் உண்டு. ஆனால் அது வேலைக்கான கொடுப்பனவு: கூடுதல் பரிசோதனை, மாதக்கணக்கில் பின்தொடர்தல், ஒவ்வொரு பக்கவிளைவையும் பதிவது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் பார்வைக்கும் போக வேண்டியது. சும்மா ஆளைப் பிடித்துக் கொடுப்பதற்கு மட்டும் காசு வாங்குவது வேறு. அது தவறென்றே ஆய்வு நெறிமுறை சொல்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகள் பலவற்றில் வைத்தியருக்குத் தனியாக ஒரு சதமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சம்மதப் பத்திரத்தில் போடும் கையெழுத்து உங்கள் பாதுகாப்புக்கானது. மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனப்படி, பணம் எங்கிருந்து வருகிறது, ஆய்வாளருக்கு அதில் என்ன நலன் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நீங்களே பார்க்கலாம். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மருந்தின் அல்லது நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் அனுசரணையாளர், நிதி வந்த இடம், நெறிமுறை அனுமதி எல்லாம் வரும். இணையம் இல்லாத அம்மாமார், கிளினிக்கில் கையில் தரும் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். "இதற்கு உங்களுக்கு யார் காசு தருகிறார்கள், டொக்டர்?" என்று நேரே கேட்கலாம். பதில் திருப்தியில்லையா, கையெழுத்துப் போடவேண்டாம். வழமையான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது.