பண்டிகையைச் சுமப்பவர்கள்

குடும்பத்தில் நாம் மிகவும் மதிப்பவர் யார் என்று கேட்டால், படிப்பிலோ தொழிலிலோ உயர்ந்தவரையோ, பண்டிகை நாளில் கூடத்தின் நடுவே அமர்ந்து அத்தனை பேரையும் சிரிக்க வைப்பவரையோதான் பெரும்பாலும் சொல்வோம். அவர்கள் மதிப்புக்கு உரியவர்களே. ஆனால், அந்தக் கூடத்தில் எல்லோரும் வந்து அமர்வதற்குக் காரணமாக இருந்தவரை நான் அவர்களைவிட உயர்வாக மதிக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் அவர் என் அத்தை. பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே அவருடைய வேலை தொடங்கிவிடும். யாருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, யாரிடம் பயணச் செலவுக்குப் பணம் இல்லை, அதை அவர் மனம் நோகாமல் யார் வழியாகக் கொடுத்தனுப்புவது, சென்ற முறை மனத்தாங்கலோடு பிரிந்த இருவரில் யாரிடம் முதலில் பேசுவது, துணையை இழந்து முதல் பண்டிகையைக் காணும் உறவினரை வீடு தேடிப் போய் யார் அழைத்து வருவது என்று அவர் மனத்துக்குள் ஓடும் கணக்கு எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. சமைத்ததும் அலங்கரித்ததும் எல்லோர் கண்ணிலும் படும்; இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாது. எல்லாம் நன்றாக நடந்துவிட்டால், அது தானாகவே நடந்தது போலத் தோன்றிவிடுகிறது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. கனடாவின் சமூகவியலாளர் கரோலின் ரோசென்தால் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், உறவினரை ஒருவரோடொருவர் தொடர்பில் வைத்திருக்கும் பொறுப்பைக் குடும்பத்தில் குறிப்பிட்ட ஒருவரே ஏற்றிருப்பதையும், அவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பதையும், அந்தப் பொறுப்பு தாயிடமிருந்து மகளுக்குப் போவதையும் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ, வாழ்த்து அனுப்புவதும் நலம் விசாரிப்பதும் விழாக்கால ஒன்றுகூடலை ஏற்பாடு செய்வதும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அல்ல, வீட்டு வேலையையும் சம்பள வேலையையும் போல அவையும் உழைப்புதான் என்று வாதிட்டார். அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இத்தனை உழைப்புக்கும் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. உளவியலாளர் பார்பரா ஃபீஸ் தம் குழுவினருடன் ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் எழுதிய கட்டுரையில், அன்றாட வழக்கத்தையும் குடும்பச் சடங்கையும் பிரித்துக் காட்டினார். செய்து முடித்ததும் மறந்துபோவது வழக்கம்; ‘நாம் யார்’ என்ற உணர்வைத் தந்து, முடிந்த பிறகும் நினைவில் தங்குவது சடங்கு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்களான மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்வதால் இது வந்துவிடாது. பலர் கூடி உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசும் வீட்டில்தான் இந்தக் கதைகள் பிள்ளைகளின் காதில் விழுகின்றன என்பதை அவர்களே வலியுறுத்தினார்கள். அப்படிக் கூடி உட்காரும் பொழுதை உண்டாக்கித் தருபவர் என் அத்தையைப் போன்ற ஒருவர்தான்.

‘அவருக்கு அதில்தான் மகிழ்ச்சி, ஏன் தடுக்க வேண்டும்’ என்று சிலர் சொல்வார்கள். மகிழ்ச்சி உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியைக் காரணம் காட்டி அவருடைய களைப்பைக் காணாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பண்டிகை முடிந்ததும் அவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டு, அடுத்த ஆண்டும் அதே சுமையை அவர் தோளிலேயே விட்டுவைப்பது மதிப்பாகாது. அவரால் இயலும் காலத்திலேயே, அவர் அருகில் இருந்து வேலையைக் கற்றுக்கொண்டு ஒரு பகுதியையாவது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலை மகள்களுக்கும் மருமகள்களுக்கும் மட்டுமே போய்ச் சேரும் பழக்கத்தை விட்டுவிட்டு, மகன்களும் அதில் கைவைக்க வேண்டும். தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கும், யார் எப்போது வருகிறார் என்று நினைவில் வைத்திருப்பதற்கும் ஆண் பெண் வேறுபாடு ஏது?

இதில் மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பொறுப்பை வாங்கிக்கொள்ளும் இளையவர், நேரில் போய் அழைத்த இடத்தில் செய்தி அனுப்பி அழைக்கலாம். மூன்று நாள் கூடலை ஒரே நாளாகச் சுருக்கலாம். ஒருவரையே நாள் முழுவதும் அடுப்படியில் நிறுத்திவைக்கும் சில வழக்கங்களைக் கைவிடவும் செய்யலாம். அப்போது ‘அந்தக் காலத்தைப் போல வருமா’ என்று சொல்லி அவர் ஊக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். அவர் முதன்முறையாக ஏற்பாடு செய்யும் பண்டிகைக்கு அழைத்தவுடன் ‘வருகிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி வந்துவிடுங்கள்.