பொலிஸ் பெரியவருக்கும் வோட்டுப் போடலாமா?

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் மச்சான் போன கிழமை வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது சொன்னான்: "இஞ்ச பொலிசுக்கு மேல இருக்கிறவர சனம்தான் வோட்டுப் போட்டு எடுக்குது. மட்டக்களப்பிலயும் அப்படி வந்தாத்தான் இவங்க திருந்துவாங்க." நீ எத்தனை தரம் போட்டாய் என்று கேட்டேன். ஒரு தரமும் இல்லையாம். தேர்தல் எப்போது வருகிறது என்றே தெரியாதாம்.

சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால் கதை மனதை விட்டுப் போகவில்லை. ஒரு காலத்தில் எனக்கும் அதே ஆசை இருந்தது. அது வந்த நாளும் ஞாபகம் இருக்கிறது.

மாமாவின் நாகு, இன்னும் ஈனாத இளம் பசு, களவு போன சமயம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் அவர். செவலை நாகு, தொடையில் குறி சுட்டது. முறைப்பாடு செய்யப் போனோம். எந்தப் பொலிஸ் நிலையம் என்பதை விடுங்கள். வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்த பிறகு ஒரு கொன்ஸ்டபிள் கூப்பிட்டார். மாமா தமிழில் சொல்லச் சொல்ல, அவர் தனக்குத் தெரிந்த தமிழில் திருப்பிக் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். நல்ல மனிதர்தான், ஒரு சொல் அதட்டிப் பேசவில்லை. எழுதி முடித்ததும் கையொப்பம் கேட்டார். மாமாவும் வைத்தார்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பிரதியைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த கடைக்காரத் தம்பி ஒருவரிடம் காட்டினோம். "அண்ணன், இதில கறுப்பு நாம்பன் என்டெல்லா கிடக்கு" என்றான். செவலைப் பசு கறுப்புக் காளையாகிவிட்டது. குறியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மனே, அப்ப இவ்வளவு நாளும் இவங்க தேடினது யார்ர மாட்ட?" என்றார்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் தமிழ் பேசும் சனம் இருக்கிற ஒரு மாவட்டத்தில், தமிழில் சொன்ன முறைப்பாட்டைத் தமிழில் எழுத இன்னும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அன்று வீட்டுக்கு வரும் வழியில், இந்தப் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி, ஓஐசி, எங்களிடம் வோட்டுக் கேட்டு வர வேண்டியவராக இருந்தால் இப்படி நடக்குமா என்றுதான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை.

மச்சான் சொன்ன நாட்டையே எடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் ஆணையாளர் தேர்தல் முதன்முதல் நடந்தது 2012 நவம்பரில். 100 பேரில் 15 பேரளவில்தான் வாக்களித்தார்கள். வேல்ஸில் நியூபோர்ட் நகரத்து வாக்களிப்பு நிலையம் ஒன்றுக்கு ஒரு ஆள்கூடப் போகவில்லை. தெரிவாகிறவர் பொலிஸ் அதிகாரியும் இல்லை. பொலிஸ் தலைவரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர். இந்த முறையே வேண்டாம், 2028 மே மாதத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று பிரித்தானிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தும் விட்டது. மச்சானுக்கு அதுவும் தெரியாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்கு ஷெரிப் என்று ஒரு பொலிஸ் பெரியவர் உண்டு, அவரைச் சனம்தான் தெரிவு செய்கிறது. 1965இல் அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டுப் போன கறுப்பின மக்களை அடித்து விரட்டிய ஜிம் கிளார்க் அப்படி வாக்கில் வந்த ஷெரிப். அந்தக் கவுண்டியில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், ஆனால் வாக்காளர் இடாப்பில் அவர்கள் மிகச் சிலர். ஆகவே கிளார்க் யாருக்குப் பயப்பட வேண்டும்? அந்த ஆண்டு ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது, 1966 தேர்தலில் கிளார்க் தோற்றார். தேர்தலை ஆதரிப்பவர்கள் இதன் இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். எனக்கு முதல் பாதிதான் உறுத்துகிறது. வோட்டில் வருகிறவர் வோட்டுள்ளவனுக்கு மட்டுமே கணக்குச் சொல்வார்.

அதை எங்கள் மண்ணில் வைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் நாலில் மூன்று பங்களவு தமிழர், மிச்சத்தில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். இங்கே பொலிஸ் தேர்தல் வைத்தால் யார் வெல்வார் என்று சொல்ல சாத்திரக்காரர் தேவையில்லை. காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர் அந்த ஆளிடம் முறைப்பாட்டோடு போகும்போது எந்த மனதோடு போவார்? கல்லாறு தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் கால் வைத்தால் கணக்குத் தலைகீழ். அங்கே எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாது, தமிழர் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள பிரச்சினையே இத்தனை வருடமாக இழுபடுகிறது. அதற்கு மேல் பொலிசுக்கும் வேட்பாளர் என்றால்! "எங்கட ஆள்" வந்தால் சரி என்கிற என் ஆசை, பக்கத்து மாவட்டத் தமிழனுக்கு வைக்கும் கண்ணி.

இன்னொன்று. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸ்காரர்களைக் கொன்றார்கள். உடனே முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். செய்தது வேறு ஆட்கள் என்பது 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அந்த மனிதர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். அப்போது வாக்கில் வந்த ஒருவர் பொலிசுக்குத் தலைவராக இருந்திருந்தால் அவசரம் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? கூடியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். நாடு கொதிக்கிற நேரத்தில் "ஆளைப் பிடித்துவிட்டோம்" என்பதைவிட நல்ல தேர்தல் பிரசாரம் இல்லை.

காசுக் கதையும் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு ஓஐசி வந்தார். தமிழ் படித்தவர், கோயில் திருவிழாவில் சனத்தோடு நின்று மோர் குடித்தவர். இரவில் களவாக மண் ஏற்றி ஓடிய டிப்பர் லொறிகளை மறிக்கத் தொடங்கினார். எட்டு மாதத்தில் இடமாற்றம். மேலே யாரோ ஒரு கோல் எடுத்தார்கள் என்றுதான் ஊரில் கதை. சரி, அவரே வேட்பாளராக நின்றிருந்தால் என்ன? போஸ்டர் அடிக்கக் காசு வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காசு யாரிடம் இருக்கிறது? டிப்பர்காரரிடம்.

அப்படியென்றால் இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறேனா? இல்லை. 13ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது, மாகாணப் பிரதிப் பொலிஸ்மா அதிபரை நியமிக்க முதலமைச்சரின் இணக்கம் வேண்டும் என்பதும் இருக்கிறது. நடைமுறைக்குத்தான் ஒருநாளும் வரவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபிறகு இணக்கம் தர முதலமைச்சரும் இல்லை. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை 2001இல் கொண்டுவந்தார்கள், 2010இல் பல்லைப் பிடுங்கினார்கள், 2015இல் திரும்பக் கட்டினார்கள், 2020இல் மறுபடி பிடுங்கினார்கள், 2022இல் இன்னொரு தரம் கட்டினார்கள். பல் வைத்தியரே களைத்திருப்பார்.

2025 ஓகஸ்டில் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோனை நாடாளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது, எதிராக ஒரு வாக்கும் இல்லை. ஆக, உச்சியில் இருப்பவரைக் கேள்வி கேட்க வழி இருக்கிறது. எங்கள் ஊர் ஓஐசியிடம் "போன மாதம் எத்தனை முறைப்பாடு எடுத்தீர்கள், அதில் எத்தனையைத் தமிழில் எழுதினீர்கள், எத்தனை நீதிமன்றம் போனது" என்று கேட்கத்தான் இடமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதேச செயலகத்தில் எல்லாச் சனத்துக்கும் முன்னால் அவர் அந்தக் கணக்கைச் சொல்லட்டும். ஒழுங்காக வேலை செய்கிறவரை இரண்டு வருடத்துக்கு முன் தூக்கக்கூடாது. தூக்கினால் காரணம் எழுத்தில் வரட்டும். கையொப்பம் வாங்க முன் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். இதற்கெல்லாம் வாக்குப்பெட்டி தேவையில்லை.

இந்த வருடம் மாமாவின் பட்டியில் இன்னொரு நாகு களவு போனது. இந்த முறை நான் விடவில்லை. தமிழில் எழுதாவிட்டால் ஒப்பம் இல்லை என்று நின்றேன். உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கொன்ஸ்டபிளைக் கூட்டி வந்தார்கள். மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, அழகான கையெழுத்து. கையைக் கழுவிவிட்டு வந்து எழுதத் தொடங்கியவர், இரண்டாவது வரியில் பேனையைத் தூக்கினார்.

"அங்கிள், நாகுன்னா என்ன?"

மாமா அவரிடம் பேனையை வாங்கி, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறியை வரைந்து காட்டிவிட்டு, நாகுக்கும் நாம்பனுக்கும் வித்தியாசம் சொல்லத் தொடங்கினார். நாங்கள் வெளியே வர மத்தியானம் இரண்டு மணி.