மாலூர் ரோட்டுல ஓடுன சிவப்புத் தண்ணி

போன சனிக்கிழமை பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல இருந்து மாலூருக்கு ஸ்கூட்டர்ல போனேன், முந்தின ராத்திரி செம மழை, ரோடு பூரா செக்கச்செவேல்னு சேறு, ஒரு வளைவுல பிரேக் புடிச்சேன் பாருங்க, வண்டி வழுக்கி முட்டியில நல்ல சிராய்ப்பு. அப்புறம் மட்கார்டு கழுவுறப்ப அந்தச் சேத்தைக் கையில தேய்ச்சுப் பாத்தா வெண்ணெய் மாதிரி இருக்கு, பேருக்குக்கூட மணல் இல்ல.

அது என் மச்சினன் குத்தகைக்கு ஓட்டுற காட்டு மண்ணு. "மழை அடிச்சிட்டுப் போயிருச்சு மாமா, நாம என்ன பண்றது"ங்கிறான். இதுல பாதிதான் உண்மை. கோடை மழை ஆரம்பிச்சதும் டிராக்டரைக் கூப்பிட்டு ரோட்டவேட்டர் விட்டு மாவு மாதிரி ஆக்கி வச்சது யாரு? அதுவும் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு நேரா, தண்ணி ஓட வாய்க்கால் வெட்டி விட்ட மாதிரி. குறுக்க ஓட்டுனா அடிக்கடி வண்டியத் திருப்பணும், மணிக்கணக்குல வாடகை ஏறுமாம்.

பெரிய மழைத்துளின்னா மணிக்கு 30 கி.மீ. வேகத்துல வந்து விழும். தழை, தட்டை ஏதாவது மூடியிருந்தா அது அடியை வாங்கிக்கும். வெறும் மண்ணுன்னா கட்டி உடைஞ்சு பொடியாயி, அந்தப் பொடியே மண்ணுல இருக்குற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சிரும், தண்ணி உள்ள இறங்க வழியில்லாம மேலாப்புல ஓடும். அதுல முதல்ல போறது மக்குன சத்தும் களிமண்ணும்தான், காசு குடுத்துப் போட்ட உரமும் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கும்.

மழையே இல்லனாலும் ஒவ்வொரு உழவுக்கும் கலப்பையே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ தள்ளிரும். அவன் காட்டு மேட்டுல நின்னு பாருங்க, சரளைக்கல்லு பல்லை இளிக்குது. ராகி அங்க முழங்காலைத் தாண்டாது, கீழ் வரப்புகிட்ட இடுப்பளவு நிக்கும். இதைச் சொன்னா "அகல உழுறதைவிட ஆழ உழு"ன்னு என்கிட்டயே பழமொழி பேசுறான். அது மாட்டு ஏர் நாலு விரக்கடை இறங்குன காலத்துல சொன்னதுடா!

அமெரிக்காவோட நடுவுல இருக்குற புல்வெளிச் சமவெளியில 1930கள்ல நடந்ததும் இதேதான். அந்தச் சமவெளிக்கு வறட்சியும் காத்தும் புதுசா என்ன, புல்லு வேர் மண்ணைப் புடிச்சு வச்சிருந்துச்சு. கோதுமைக்காக அந்தப் புல்லைப் புரட்டிப் போட்டாங்க, பின்னாடியே வறட்சி வந்துச்சு, 1934 மே மாசம் அந்தப் புழுதி நியூயார்க் வரைக்கும் போயி விழுந்துச்சு. காத்து மேல கேஸ் போட முடியுமா?

ஆனா மச்சினனை மட்டும் திட்டவும் மனசு வரல. நிலத்துக்காரர் பெங்களூர்ல இருக்காரு, வீட்டுமனை லேஅவுட் வர்ற வரைக்கும் சும்மா கிடக்க வேணாம்னு விட்டிருக்காரு, பேப்பர் கீப்பர் எதுவும் கிடையாது, வருஷா வருஷம் வாய்ப்பேச்சுதான். அடுத்த வருஷம் யாரு உழுவாங்கன்னே தெரியாத காட்டுல எவன் கைக்காசைப் போட்டு வரப்பு கட்டி, மண்ணைப் புடிச்சு வைக்க வெட்டிவேர் நடுவான்? அவருக்கே போன் பண்ணிக் கேட்டேன். "எப்படியும் சைட் போடப்போற இடம்தானே சார்"னு வச்சிட்டாரு.

மச்சினன் இப்ப போன மண்ணுக்குப் பதிலா காட்டுல கொட்ட ஏரி வண்டல் டிப்பர் லோடு என்ன விலைன்னு விசாரிச்சுட்டு இருக்கான். ஆடிப்பட்டத்துக்குச் சரிவுக்குக் குறுக்க உழுறேன்னு ஒருவழியா ஒத்துக்கிட்டான், கூட ஆகுற வாடகையை மட்டும் நான் குடுக்கணுமாம்.