மூடுபனி இல்லைங்க, தூரம்தான் பிரச்சனை

ஊட்டி மூடுபனிதான் சிக்னல தின்னுடுது, அதனாலதான் லேப்ல டிஷ் கெயின் (சிக்னல ஒரே திசையில குவிக்கற திறன்) குறைவா வருதுன்னு மேல போட்டிருக்கீங்க, அது தப்புங்க. 10 கிகாஹெர்ட்ஸ்ல அடர்த்தியான பனிகூட ஒரு கிலோமீட்டருக்கு 0.1 டிபி (டெசிபெல், சிக்னல் எவ்ளோ கூடுது குறையுதுன்னு சொல்ற அலகு) குறைக்காது, நீங்க அளந்ததோ 3 மீட்டர்ல, அதுவும் ரூமுக்குள்ள!

அனுப்பற ஆன்டெனாவுக்கும் வாங்கற ஆன்டெனாவுக்கும் நடுவுல குறைஞ்சது எவ்ளோ தூரம் வேணும்னு பாருங்க. ஆன்டெனா அகலத்த ஸ்கொயர் பண்ணி ரெண்டால பெருக்கி அலைநீளத்தால வகுக்கணும், உங்க 60 செ.மீ. டிஷ்ஷுக்கு அலைநீளம் 3 செ.மீ.னா 24 மீட்டர் வருது, அதுக்குள்ள வச்சா விளிம்புல இருந்து வர்ற அலையும் நடுவுல இருந்து வர்றதும் ஃபேஸ் சேராம (அலைகளோட ஏத்த இறக்கம் ஒண்ணா பொருந்தாம) கெயின் குறைஞ்சுதான் காட்டும். 10 செ.மீ. ஹார்னுக்கு (புனல் மாதிரி இருக்கற சின்ன ஆன்டெனா) 67 செ.மீ. போதும், அதனாலதான் லேப் பெஞ்சுல ஹார்ன் மட்டும் சரியா வருது.

ஊட்டி பக்கத்துல இருக்கற நம்ம முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பையே எடுத்துக்கங்க, 530 மீட்டர் நீளம், 326.5 மெகாஹெர்ட்ஸ், இதே கணக்குல 600 கிலோமீட்டருக்கு மேல போகுது, அதுக்கு எந்த லேப்ல இடம் இருக்கு, வானத்துல ரேடியோ அலைய வெளியிடற பொருள்கள வச்சுத்தான் பார்க்கணும்.

இன்னொன்னு, அளக்கறப்ப பின்னாடி யாராவது நடந்தா மீட்டர் முள் ஆடுதான்னு பாருங்க. ஆடுச்சுன்னா சுவத்துல பட்டு திரும்பற அலையும் உள்ள வருது, உறிஞ்சற ஃபோம் வைக்காம அந்த ரீடிங்க நம்பாதீங்க.